பாலைவனத்துக்கு ஒத்திகை

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் காரியத்தையும் முதலில் பழகிப் பார்க்காமல் செய்ய முடியாது. லண்டனுக்கு வருவதற்கு முன், விமானத்தில் அத்தனை மணித்தியாலம் எப்படி இருப்பது என்று அறிவதற்காக, எங்கள் வீட்டு விறாந்தையில் கதிரையைப் போட்டு, சாரத்தால் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஒரு பகல் முழுவதும் இருந்தவன் நான். (அம்மா வந்து காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.) கார் ஓட்டும் பரீட்சைக்கு முன், தட்டையான வட்டச் சாப்பாட்டுக் கோப்பையை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு அறைக்குள் வளைவுகள் எடுத்திருக்கிறேன். இரண்டாலும் பெரிய பலன் கிடைக்கவில்லை. விமானத்தில் வாந்தி எடுத்தேன். பரீட்சையில் தோற்றேன். கோப்பை என்னவோ அருமையாகத்தான் திரும்பியது.

இந்த வியாதி வீட்டுக்குள் இருந்தவரை யாருக்கும் தொல்லை இல்லை. அது பொது இடத்துக்கு வந்தது 1990ஆம் ஆண்டு, லண்டனில் வெம்பிளியில்.

அப்போது நான் அக்கா வீட்டில் இருந்தேன். ரஞ்சி அக்கா என்னைவிடப் பல வயது மூத்தவர். கலியாணம் முடித்து லண்டன் வந்து, பிறகு என்னையும் படிப்பதற்கு எடுத்துவிட்டவர். அத்தானுக்குத் தபால் பிரிக்கும் இடத்தில் இரவு ஷிப்ட். அவர் காலையில் வந்து படுத்தால் பின்னேரம் வரை வீட்டில் ஒரு கரண்டிகூட விழக்கூடாது. பகல் முழுவதும் நானும் அக்காவும் களவெடுக்க வந்தவர்களைப் போலத்தான் நடமாடுவோம்.

நான் மின்பொறியியல் படித்து, லிஃப்ட் திருத்தும் கொம்பனி ஒன்றில் வேலை பார்த்து, ஆட்குறைப்பில் வீட்டுக்கு வந்திருந்தேன். தம்பி யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில் இருந்தான். எந்த நேரமும் சண்டை திரும்பத் தொடங்கி நிலைமை மோசமாகலாம். அவனை வெளியே எடுக்க வேண்டும். வேலை இல்லாத அண்ணனால் தம்பிக்கு விமானத்தின் படத்தைத்தான் அனுப்ப முடியும். அந்த நேரத்தில்தான் ஓமான் நாட்டில் ஒரு வேலை கிடைத்தது. கடலிலிருந்து வெகு தூரத்தில், நடுப் பாலைவனத்தில், எண்ணெய்க் கிணறுகளுக்கு மின்சாரம் கொடுக்கும் நிலையம். வைகாசி மாதம் போய்ச் சேர வேண்டும்.

நூலகத்துக்குப் போய் அட்லஸைப் பிரித்தேன். நான் போகவேண்டிய இடத்தில் ஊர்ப் பெயரோ ஆறோ ஒரு கோடோ கிடையாது. வெறும் மஞ்சள் நிறம். அந்த மஞ்சளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயத்தைவிட ஆவல்தான் கூடியது. அங்கே எப்போதாவது மழை பெய்தால் சனங்கள் வெளியே ஓடிவருவார்களா, உள்ளே ஓடுவார்களா? ஒட்டகத்துக்கு வியர்க்குமா? அவ்வளவு வெயிலுக்கு உடம்பு எப்படிப் பழகுகிறது? தோல் தடிக்குமா, இரத்தம் மெலியுமா? (இந்தக் கேள்விகளை அக்காவிடம் கேட்டேன். "நீ முதல் அங்க போய்ச் சேர்" என்றார்.)

பாலைவனத்தில் இருந்துவிட்டு வந்தவர் என்று எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் தென் லண்டனில் ஸ்ட்ரெதத்தில் இருந்த யோகன் அண்ணை. வளைகுடாவில் பல வருடம் வேலை செய்து திரும்பியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேடிப் போனேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். சந்தையில் மெலிந்த ஆட்டை அப்படித்தான் பார்ப்பார்கள்.

"தம்பி, நீர் இருக்கிற வடிவுக்கு அங்க ஒரு கிழமை தாக்குப்பிடிக்க மாட்டீர்" என்றார்.

"அவ்வளவு வெக்கையோ அண்ணை?"

"வெக்கையோ? முட்டையை மண்ணில வைச்சிட்டுத் தேத்தண்ணி குடிச்சுப்போட்டு வந்தா அவிஞ்சிருக்கும். வந்த புதுசில எத்தினை பேர் பொத்துப் பொத்தெண்டு விழுந்தவை தெரியுமோ? விழுந்தா அடுத்த பிளேன்ல திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். ஆர் விழுறது எண்டு நினைக்கிறீர்? உடம்பைப் பழக்காமப் போறவைதான்."

பழக்குவது. அந்தச் சொல் போதும் எனக்கு.

"என்னெண்டு அண்ணை பழக்கிறது?"

யோகன் அண்ணை கதிரையில் சாய்ந்தார். "கொஞ்சங் கொஞ்சமா வெக்கையைக் கூட்டவேணும். ஆனா சும்மா இருந்து பழகிப் பிரயோசனமில்லை. வேலை உடுப்போட, சப்பாத்தோட, தொப்பியோட இருந்து பழகவேணும். முக்கியமா, அந்த வெக்கைக்குள்ள இருந்து சாப்பிடப் பழகவேணும். அதில சாப்பாடு தொண்டையால இறங்காது. சாப்பிட ஏலாதவன்தான் முதல் விழுவான்."

நான் ஒரு சொல்லும் விடாமல் மனத்தில் ஏற்றிக்கொண்டேன். பரீட்சைப் பாடங்களைக்கூட நான் அப்படிக் கேட்டதில்லை.

முதல் கட்டம் என் அறையில் நடந்தது. சிறிய ஹீற்றர் ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, ஜன்னலை அடைத்து, கோட்டும் கம்பளித் தொப்பியுமாகப் படுத்தேன். மூன்றாம் நாள் அத்தான் வேலையால் வந்தவர், கதவுக்குக் கீழே வந்த அனல் காலில் பட்டுத் திறந்து பார்த்தார். நான் கட்டிலில் கோட்டுடன் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தேன்.

"என்னடாப்பா, வாழைக்குலை பழுக்க வைக்கிறியோ?" என்று கேட்டு, ஹீற்றரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாம் கட்டமாகச் சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரிக்குள் புகுந்தேன். அக்கா அதற்குள்தான் துவாய்களைக் காயவைப்பார். முழங்காலை நாடியோடு சேர்த்து மடக்கினால் ஓராள் இருக்கலாம். நான் கண்ணை மூடி மணல்மேடுகளைக் கற்பனை செய்துகொண்டு இருக்கும்போது அக்கா துவாய் எடுக்கக் கதவைத் திறந்தார். அவர் கத்திய கத்தலில் அத்தான் எழும்பி, கள்ளன் என்று நினைத்து, குடையோடு ஓடிவந்தார். அதோடு அந்த வீட்டில் என் பயிற்சிக்கு இடமில்லை என்று ஆகிவிட்டது.

அப்போதுதான் பக்கத்துத் தெருவில் இருந்த நீச்சல் நிலையத்தின் நினைவு வந்தது. நடந்து போனால் ஐந்து நிமிடம்தான். அங்கே சோனா என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். சுற்றிவர மரப்பலகை அடித்த சின்ன அறை. மூலையில் மின்னடுப்பு, அதன்மேல் கொதிக்கும் கற்கள். வெள்ளைக்காரர் காசு கொடுத்து அதற்குள் இருந்து வேர்க்கிறார்களாம். எனக்காகவே யாரோ பாலைவனத்தில் ஒரு துண்டை வெட்டி வெம்பிளியில் கொண்டுவந்து வைத்ததுபோல இருந்தது.

அந்தப் புதன்கிழமை அத்தான் வழக்கம்போல நித்திரை. அக்கா சாமான் வாங்கவென்று பையோடு வெளியே போயிருந்தார். (புதன்கிழமைகளில் அக்காவுக்குச் சாமான் வாங்க வெகுநேரம் எடுக்கும்; அதை நான் ஒருபோதும் யோசித்துப் பார்த்ததில்லை.) அக்காவின் இரண்டடுக்குச் சாப்பாட்டுக் கரியரை எடுத்தேன். மேல்தட்டில் பிட்டு. கீழ்த்தட்டில் முதல்நாள் வைத்த அறக்குளா மீன் குழம்பு. ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூள் போட்டு, எண்ணெய் மிதக்க அக்கா வைத்த குழம்பு. பாலைவனத்தில் வேலை செய்பவன் மத்தியானம் என்ன, சாண்ட்விச்சா சாப்பிடப் போகிறான்?

நீச்சல் நிலையத்தில் உடுப்பு மாற்றும் அறைக்குள் போய், ஓமானுக்கென்று வாங்கிவைத்த நீல நிற ஓவரோலைப் போட்டேன். காலில் இரும்பு முனை வைத்த சப்பாத்து. தலையில் மஞ்சள் நிறப் பாதுகாப்புத் தொப்பி. மணலுக்கு மூக்கை மூட என் சாரத்தைக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். கழற்றிய உடுப்பையும் வீட்டைத் திறக்கும் திறப்பையும் லொக்கரில் வைத்துப் பூட்டினேன். கையில் கரியருடன் வெளியே வந்தபோது அங்கே நின்ற பணியாள் என்னைப் பார்த்தான். மறிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் முகம் மலர்ந்தது.

"ஒருவழியாக வந்தீர்களே! அடுப்பு பழுது என்று எத்தனை தரம் போன் செய்தோம்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, சோனாவின் கதவைத் தானே திறந்துவிட்டான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இல்லை என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையை நான் மனத்துக்குள் ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அது நன்றாக இருக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே மேல்தட்டுப் பலகையில் இரண்டு பேர் இடுப்பில் துவாயுடன் இருந்தார்கள். ஒருவர் மெலிந்த வயோதிபர். மற்றவர் பெருத்த உடம்புக்காரர். அவித்த றால் நிறத்தில் இருந்தார். இருவரும் தங்கள் நடுவே ஓவரோலுடன் வந்து அமர்ந்த என்னை மரியாதையோடு பார்த்தார்கள்.

"அடுப்பில் என்ன கோளாறு?" என்று பெருத்தவர் கேட்டார்.

"சோதித்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன். அது ஒருவகையில் உண்மைதான். யாரைச் சோதிக்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

"சோதிப்பதற்கு உள்ளேயே இருக்க வேண்டுமா?"

"இருந்து பார்த்தால்தான் தெரியும்."

பெருத்தவர் வயோதிபரிடம், "இந்தக் காலத்தில் இப்படி அக்கறையோடு வேலை செய்பவர்கள் எங்கே இருக்கிறார்கள்" என்றார்.

அடுப்பில் ஒரு கோளாறும் இல்லை என்று சீக்கிரமே என் உடம்பு சொல்லிவிட்டது. தொப்பிக்குள் மூளை கொதிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. சப்பாத்துக்குள் விரல்களுக்கு நடுவே வேர்வை தேங்கி, அசைத்தால் வயலில் நடப்பதுபோல இருந்தது. ஆனாலும் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். காதுமடல் முதலில் சுடுகிறது, பிறகு மூக்கின் நுனி, கண்ணிமை சுடுவதே இல்லை. எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தேன். தம்பியை நினைத்தேன். அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பப்படும் ஆளாக நான் இருக்கப்போவதில்லை.

இனிச் சாப்பிட வேண்டும். கரியரைத் திறந்தேன். பிட்டின் வாசம் மெல்லப் பரவியது. மெலிந்த வயோதிபர் மூக்கைத் தூக்கினார். நான் அவர்களைப் பார்க்காமல் ஒரு பிடி பிட்டை வாயில் போட்டேன். யோகன் அண்ணை சொன்னது சரிதான், அது இறங்கவில்லை. தொண்டையில் மணல் மாதிரி நின்றது. குழம்பு விட்டால் இறங்கும் என்று கீழ்த்தட்டை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

எழும்பியதுதான் பிழை. அறை ஒருதரம் சுற்றியது. நான் பிடிப்பதற்குக் கையை நீட்டினேன். நீட்டிய கை குழம்புத் தட்டு இருந்த கை.

அறக்குளா மீன் குழம்பு முழுவதும் அடுப்பின் கற்கள்மேல் விழுந்தது.

யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் கொதிக்கும் கல்லில் விழுந்தால் என்ன நடக்கும் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை. பாம்பு சீறுவதுபோல ஒரு சத்தம். அதற்குப் பின்னால் செம்மஞ்சளாக ஒரு புகை எழுந்தது. முதலில் என் மூக்கு, பிறகு கண், பிறகு நான் யார் என்பதே மறந்துவிட்டது. பெருத்தவர் நாய் குரைப்பதுபோல இருமினார். மெலிந்தவர் அந்த வயதில் மேல்தட்டிலிருந்து பாய்ந்த பாய்ச்சலை நான் இன்றும் வியக்கிறேன். மூன்று பேரும் ஒரே கதவால் ஒன்றாக வெளியே வந்தோம். எங்களோடு புகையும் வந்தது. அது நேரே கூரைக்குப் போனது. கட்டடம் முழுவதும் மணி அடிக்கத் தொடங்கியது.

பங்குனி மாதத் தூறல். அந்த நிலையத்தில் இருந்த அத்தனை பேரும் கார்த்தரிப்பிடத்தில் நின்றார்கள். நீச்சலுடையோடு பிள்ளைகள், துவாயோடு ஆண்கள், ரப்பர்த் தொப்பியோடு ஒரு கூட்டம் பெண்கள். எல்லாரும் பல் கிடுகிடுக்க ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பணியாளர்கள் அலுமினியத் தாள்போல மினுங்கும் போர்வைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் முழுதாக உடுத்து, சப்பாத்துப் போட்டு, தலைக்குப் பாதுகாப்புத் தொப்பியும் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே எல்லாரும் என்னிடம் வந்தார்கள்.

"எப்போது உள்ளே போகலாம்?"

"பெரிய தீயா?"

"என் கண்ணாடி உள்ளே இருக்கிறது, யாரையாவது அனுப்ப முடியுமா?"

நான் கண்ணீர் வடிய வடிய (மிளகாய்), "அமைதியாக இருங்கள், அமைதியாக இருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணீரைப் பார்த்த ஒரு பெண்மணி என் தோளைத் தட்டி, "உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள்" என்றார்.

தீயணைப்பு வண்டி வந்தது. நாலு பேர் உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களில் உயரமான ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் கையில் கரியரின் தட்டு.

"இது யாருடையது?" என்று சத்தமாகக் கேட்டார்.

நான் கூட்டத்துக்குள் பின்வாங்கினேன். போலீஸ், வழக்கு, ஓமான், தம்பி என்று எல்லாம் ஒரே நேரத்தில் மனத்தில் ஓடின.

"அது என்ர!"

குரல் ரப்பர்த் தொப்பிப் பெண்கள் கூட்டத்துக்குள் இருந்து தமிழில் வந்தது. எனக்கு மிக நன்றாகத் தெரிந்த குரல். வெள்ளி நிறப் போர்வை சுற்றி, நீல ரப்பர்த் தொப்பி போட்ட ஒரு உருவம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது. தன் கலியாணத்துக்கு வாங்கிய கரியரைக் கண்டதும் தான் எங்கே நிற்கிறார், எந்தக் கோலத்தில் நிற்கிறார் என்பதை ரஞ்சி அக்கா மறந்துவிட்டார். தட்டை வாங்கித் திருப்பி, அடியில் வெட்டியிருந்த தன் பெயரைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார்.

"நீ இஞ்ச என்ன செய்யிறாய்?" என்றார் அக்கா.

"நீங்கள் இஞ்ச என்ன செய்யிறியள்?" என்றேன் நான்.

 அதற்குள் நிலையத்தின் மனேஜர் வந்துவிட்டார். மீனைச் சோனாவுக்குள் கொண்டுபோனது இவரா என்று அவர் அக்காவைக் காட்டிக் கேட்டார். அதற்கு மேல் என்னால் ஒளிக்க முடியவில்லை. முன்னால் வந்து தொப்பியைக் கழற்றினேன். பாலைவனம், வேலை, உடம்பைப் பழக்குவது, வெக்கைக்குள் சாப்பிடுவது என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்லச் சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள்.  தூறல் போர்வைகள்மேல் சடசடத்தது. பிறகு அந்தப் பெருத்த மனிதர் சிரிக்கத் தொடங்கினார். அவருடைய சிரிப்பு மற்றவர்களுக்கும் தொற்றியது. தீயணைப்பு வீரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

மனேஜர் சிரிக்கவில்லை. "நீங்கள் பாலைவனத்துக்கே போங்கள். இங்கே இனி ஒருபோதும் வராதீர்கள்" என்றார். அதோடு விட்டது பெரிய காரியம்.

புகை போகும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்றார்கள். அக்காவின் உடுப்பும் திறப்பும் உள்ளே. என்னுடையவையும் உள்ளே. அக்கா குளிரில் நடுங்கினார். என் ஓவரோலைக் கழற்றிக் கொடுத்திருப்பேன்; ஆனால் அதற்குள் நான் அதிகம் ஒன்றும் அணிந்திருக்கவில்லை. சப்பாத்தைக் கொடுத்தேன். வெள்ளிப் போர்வையும் இரும்புச் சப்பாத்துமாக அக்காவும், நனைந்த காலுறையோடு நானும் வீட்டுக்கு நடந்தோம்.

பாதி வழியில் அக்கா வாய் திறந்தார்.

"தை மாசம் தொடங்கினது. பொம்பிளையளுக்கு எண்டு ஒரு வகுப்பு."

"ஏனக்கா சொல்லேல்லை?"

"என்ன சொல்லுறது? இந்த வயசில இவளுக்கு என்ன விளையாட்டு எண்டு கேப்பினம். உன்ர அத்தானும் சிரிப்பார்." கொஞ்சத் தூரம் சப்பாத்தை இழுத்து இழுத்து நடந்தார். "கடலுக்குப் பக்கத்தில வளந்தனான். நீங்கள் பெடியள் எல்லாம் குதிப்பியள். என்னைக் கரையில இருந்து உடுப்பைப் பாக்கச் சொல்லுவினம். மிதக்கிறது என்ன மாதிரி இருக்கும் எண்டு எனக்கு எப்பவும் ஒரு யோசினை. அதைத்தான் பாக்கப் போனனான்."

அட்லஸில் மஞ்சள் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த ஆவல்தான் அது. எங்கள் குடும்பத்தில் அந்த வியாதி எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"என்ன மாதிரி இருக்கு?" என்று கேட்டேன்.

அக்கா யோசித்தார். "பாரமில்லாம இருக்கு" என்றார்.

வீட்டு வாசலில் வேறு வழியில்லாமல் மணியை அடித்தோம். அத்தான் சாரத்தோடு, பாதிக் கண்ணைத் திறந்துகொண்டு வந்தார். படியில் வெள்ளித்தாள் சுற்றிய மனைவி, தலையில் நீல ரப்பர்த் தொப்பி, காலில் இரும்புச் சப்பாத்து. பக்கத்தில் கண் சிவந்து, காலில் சப்பாத்தில்லாமல் மச்சான், கையில் கரியரின் காலித் தட்டு. இருவரிடமும் மீன் மணம். அத்தான் வெகுநேரம் பார்த்தார். மற்றக் கண்ணும் திறந்தது.

"என்னப்பா, உன்னை ஆர் பாசல் கட்டினது?" என்றார்.

அக்கா அழப்போகிறாரா சிரிக்கப்போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தார். படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அத்தான் என் பகுதிக்குச் சிரித்தார். அக்காவின் பகுதிக்குச் சிரிக்கவில்லை.

"அப்ப நீந்த வருதோ?" என்று மட்டும் கேட்டார்.

"கரையைப் பிடிக்காமக் கொஞ்சத் தூரம் வரும்."

"எனக்கு அதுவும் வராது" என்று சொல்லிவிட்டுக் கதவை அகலத் திறந்தார்.

உடுப்பு மாற்றிய கையோடு அக்கா ஸ்ட்ரெதத்துக்கு ரெலிபோன் எடுத்தார், யோகன் அண்ணையை நாலு கேள்வி கேட்பதற்கு. எடுத்தது அவருடைய மனைவி. அக்கா கோபமாகத் தொடங்கினார். பிறகு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பியிட்டையே சொல்லுங்கோ" என்று ரெலிபோனை என் காதில் வைத்தார்.

"உங்களுக்கு ஆர் தம்பி அவரை நம்பச் சொன்னது?" என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "அவர் அங்க ஒரு பெரிய ஹோட்டல்ல கணக்குப் பாத்தவர். ஏசிக்குள்ள இருந்து ஏசிக்குள்ள போறவர். பாலைவனத்தை அவர் பிளேன் ஜன்னலால பாத்ததுதான்!"

வைகாசியில் நான் ஓமானுக்குப் போனேன். விமான நிலையத்தில் ஏற்றிய வண்டி குளிர்ந்திருந்தது. அலுவலகம் அதைவிடக் குளிர். நான் தங்கிய தகரக் கூண்டறையில் ஏசியின் திருகு கடைசிக் குளிரில் இறுகிப்போயிருந்தது. கம்பளி உடுப்பு ஒன்றும் எடுக்காமல் பருத்திச் சட்டைகளோடு போயிருந்த நான், போன முதல் கிழமையே விழுந்தேன். சளியும் தும்மலுமாகத் தடிமன். முகாம் வைத்தியர் என் மூக்கைப் பார்த்துவிட்டு, லண்டனிலிருந்து கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். அக்காவுக்கு ரெலிபோன் எடுத்துச் சுவெற்றர் அனுப்பச் சொன்னபோது, மறுமுனையில் அத்தான் சிரித்த சிரிப்பு எனக்குப் பாலைவனம் தாண்டிக் கேட்டது.

ஆனாலும் நான் திருந்திவிடவில்லை. தடிமன் மாறியதும் மத்தியான இடைவேளையில் வெளியே போய் வெயிலில் நிற்கத் தொடங்கினேன். என்னோடு வேலை செய்த ஓமான்காரப் பொறியியலாளர் சலீம் இரண்டு நாள் ஜன்னலால் பார்த்தார். மூன்றாம் நாள் வெளியே வந்தார்.

"எதையாவது தொலைத்துவிட்டீர்களா?"

"இல்லை. வெயிலுக்குப் பழகுகிறேன்."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "என் பாட்டனாருக்குப் பாட்டனாரும் இந்த மண்ணில்தான் பிறந்தார். எங்களில் யாரும் பழகவில்லை. நாங்கள் நிழலில் நிற்கிறோம்" என்று சொல்லி, என் கையைப் பிடித்து நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பேரீச்சம்பழமும் சின்னக் கிண்ணத்தில் கோப்பியும் தந்தார். ஒட்டகத்துக்கு வியர்க்குமா என்று அவரிடம்தான் கேட்டேன். வியர்க்குமாம், ஆனால் அது என்னைவிட யோசித்து வியர்க்குமாம். மழை பெய்தால் எல்லாரும் வெளியே ஓடிவருவார்களாம். அந்த மார்கழியில் நானும் அவர்களோடு ஓடினேன்.

அங்கே நாலு வருடம் இருந்தேன். தம்பியையும் வெளியே எடுத்துவிட்டேன். ஆனால் நான் லண்டனுக்குத் திரும்பி வந்தபோது என் பெயர் எனக்கு முன்னால் ஊரெல்லாம் சுற்றி முடித்திருந்தது. எங்கள் ஆட்களுக்குள் என்னைப்போலச் சிறி என்று பெயருள்ளவர்கள் அதிகம் என்பதால் அடையாளத்துக்கு ஒன்று முன்னால் சேர்ப்பார்கள். பெற்றோல் ஷெட்டில் வேலை செய்தவர் பெற்றோல் சிறி. மினிகாப் ஓடியவர் மினிகாப் சிறி. நான் சோனா சிறி. எத்தனை பட்டம் வாங்கினாலும் இந்தப் பட்டத்துக்கு முன்னால் நிற்காது.

எனக்குக் கலியாணம் பேசியது கிழக்கு லண்டனில் குட்மேய்ஸில் இருந்த ஒரு குடும்பத்தில். மாமனார் வழக்கம்போலப் பலரிடமும் விசாரித்திருக்கிறார். எல்லாரும், "ஆர், சோனா சிறியோ? அருமையான பெடியன்" என்றிருக்கிறார்கள். பெண் பார்க்கப் போன அன்று, எல்லாரும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் மிகவும் பணிவாக என்னிடம் கேட்டார்:

"தம்பி, குறை நினையாதேங்கோ. எனக்கு யாழ்ப்பாணத்தில தெரியாத இடமில்லை. ஆனா இந்தச் சோனா எந்தப் பக்கம்? தீவுப் பக்கமோ, வடமராட்சியோ?"

அத்தான் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே எழும்பிப் போனார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"கொஞ்சம் வறண்ட பக்கம் மாமா" என்றேன்.

கலியாணம் நடந்தது. உண்மையை மாமனாருக்கு என் மனைவிதான் பிறகு சொன்னார். ஆனாலும் அவருக்குச் சோனா என் ஊர்தான். இப்போதும் கோடையில் நாங்கள் எங்காவது வெயிலுள்ள இடத்துக்கு விடுமுறைக்குப் பெட்டி கட்டினால், கதவடியில் நின்று கேட்பார்:

"என்ன மாப்பிள்ளை, ஊருக்கோ?"